ஊர் ஊராகப் போகும் ஆசிய இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மேளக்குழு ஒன்றோ, கொரியக் கதைப்பாடகர் ஒருவரோ, கமாஞ்சே என்ற பாரசீக வில்வாத்தியத்தை வாசிக்கும் கலைஞர் ஒருவரோ நம் ஊர் அரங்குக்கு வருகிறார் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, போனால் புரியுமா என்று தயங்கி நின்றுவிடுபவர்கள் நம்மில் பலர். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கும், கேட்டுவிட்டு வந்தவர்கள் மறுநாள் கேட்கும் கேள்விகளுக்கும் இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

சுற்றுப்பயணப் பருவம் என்றால் என்ன? மார்கழி சீசனைப் போன்றதா?

ஏறத்தாழ அதன் தலைகீழ் வடிவம். மார்கழியில் கலைஞர்கள் சென்னையிலேயே இருக்க, ரசிகர்கள் சபா சபாவாக அலைகிறார்கள். சுற்றுப்பயணப் பருவத்தில் ரசிகர்கள் தத்தம் ஊரிலேயே இருக்க, கலைஞர்கள் அரங்கு அரங்காக அலைகிறார்கள். காரணம் கலை சார்ந்ததன்று, கணக்கு சார்ந்தது. விமானக் கட்டணம், விசாச் செலவு, வாத்தியப் பெட்டிகளுக்கான சரக்குக் கூலி ஆகியவற்றை ஒரே ஒரு கச்சேரியின் வசூல் தாங்காது. அதனால் பல ஊர்களின் அரங்குகள் சேர்ந்து ஒரு குழுவை வரவழைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இம்முறையை வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்ட குழுக்களும் உண்டு. ஜப்பானின் சாடோ தீவைச் சேர்ந்த கோடோ என்ற மேளக்குழு 1981-ல் பெர்லினில் முதன்முதலாக மேடையேறியது. 1984 முதல் ‘ஒரே பூமி’ என்ற பொருள்படும் பெயரில் உலகம் முழுவதும் பயணம் செய்து வருகிறது. 1988-ல் தொடங்கி, தங்கள் தீவிலேயே ஒரு விழாவை நடத்தி, வெளியூர்க் கலைஞர்களை அங்கே வரவழைத்தும் வருகிறார்கள். ஊர் ஊராகப் போனவர்கள் உலகத்தைத் தங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆசிய இசை இப்படிப் பயணம் செய்யத் தொடங்கியது எப்போது?

1889-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜாவாவின் இசைக்கலைஞர்களும் நடனக் கலைஞர்களும் பங்கேற்றார்கள்; அங்கே கமெலான் என்ற வெண்கல வாத்தியத் தொகுதியின் இசையைக் கேட்டுக் கிளாத் டெபுஸி என்ற இளம் இசையமைப்பாளர் வியந்து நின்ற கதையை இசை வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் அதைக் கச்சேரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிசைகளை எழுப்பி, ஒரு கிராமத்தையே காட்சிப்பொருளாக வைத்து, அதன் நடுவே இசைக்கச் சொன்ன ஏற்பாடு அது. கேட்டவர்கள் சிலர்; வேடிக்கை பார்த்தவர்களே மிகுதி.

அடுத்த கட்டத்தில் இசை, நடனத்தின் துணையாகப் பயணம் செய்தது. 1930-களில் உதயசங்கரின் குழு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றியது. அவருடைய தம்பி ரவிசங்கர் சிறுவனாக இருந்தபோதே அக்குழுவுடன் பாரிஸுக்குப் போனவர். 1952-ல் பாலித் தீவின் பெலியாத்தான் கிராமத்துக் குழு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனபோதும், சுவரொட்டிகளில் முன்னே நின்றவர்கள் நடனமாடும் சிறுமிகள்தாம். நடனத்துக்குப் பின்னணியாக இல்லாமல் ராகம் தன் நிலையிலேயே அமர்ந்து பேசுவதற்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வயலின் மேதை யெஹூதி மெனுஹினின் அழைப்பின் பேரில் அவ்வாண்டில் அலி அக்பர் கான் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சரோத் வாசித்தார். தபலா வாசித்தவர் சதுர்லால். மறு ஆண்டே ரவிசங்கர் தன் சொந்தச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார்.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. தி. பாலசரஸ்வதி 1961-ல் தோக்கியோவிலும், 1962-ல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவிலும் ஆடினார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1963-ல் எடின்பரோ விழாவிலும், 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையிலும் பாடினார்.

நிகழ்ச்சி அறிவிப்பில் ‘மரபிசை’, ‘சமகால இசை’ என்று பிரித்துப் போடுகிறார்களே, அந்தக் கோடு எங்கே இருக்கிறது?

நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. மரபு என்ற பெயரில் மேடையேறுபவற்றில் பலவற்றின் இன்றைய உருவத்துக்கு வயது நூறை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும்.

மேலே சொன்ன ஜப்பானிய மேளங்களையே எடுத்துக்கொள்வோம். அந்த மேளங்கள் பழையவை. கோயில்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் அவை பல நூற்றாண்டுகளாக முழங்கியிருக்கின்றன. ஆனால் சிறிதும் பெரிதுமான மேளங்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு தாளப் பகுதியைக் கொடுத்து, ஒரு குழுவாக மேடையில் வாசிக்கும் முறையை வகுத்தவர் நாகானோ மாகாணத்தின் சுவா வட்டாரத்தைச் சேர்ந்த ஒகுச்சி தைஹாச்சி. அவர் ஜாஸ் டிரம்ஸ் வாசித்தவர். குழுவைத் தொடங்கிய ஆண்டு 1951. கொரியாவின் சாமுல்நோரியும் அப்படித்தான். வயல்வெளியிலும் தெருவிலும் ஆடிக்கொண்டே வாசித்த உழவர் மேளத்திலிருந்து குவெங்காரி, ஜிங், ஜாங்கு, புக் என்ற நான்கு கருவிகளை மட்டும் பிரித்தெடுத்து, 1978-ல் சியோலின் சிறிய அரங்கு ஒன்றில் கிம் தோக்சூவும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய வடிவம் அது. இன்று கொரிய மரபின் முகமாகவே அது உலகெங்கும் அறியப்படுகிறது.

பாலியின் மின்னலடிக்கும் கமெலான் பாணியான ‘கெப்யார்’ 1915-ஐ ஒட்டி அத்தீவின் வடபகுதியில் எழுந்தது. சீனாவின் இரண்டு தந்தி எர்ஹு, தெருப்பாடகர்கள் கையிலும் நாடகக் கொட்டகையிலும் துணைக்கருவியாக இருந்து, 1932-ல் மறைந்த லியூ தியான்ஹுவாவின் முயற்சியால்தான் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்ந்தது. ஜப்பானியக் கோத்தோவுக்குப் பதின்மூன்று தந்திகள்; தாழ்ந்த சுரங்களுக்காகப் பதினேழு தந்திக் கோத்தோவை 1921-ல் உருவாக்கியவர், பார்வையற்ற இசைமேதை மியாகி மிச்சியோ.

நம் வீட்டிலும் இதே கதைதான். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கிருதிகளைக் கடந்து, விரிவான ராகமும் தனி ஆவர்த்தனமும் கண்டு, துக்கடாக்களில் முடியும் கச்சேரி ஒழுங்கை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பதைப் பழைய ரசிகர்கள் அறிவார்கள். அவர் 1890-ல் பிறந்து 1967-ல் மறைந்தவர். பக்கவாத்தியமாக நாம் கேட்கும் வயலினும் பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வெளியிலிருந்து வந்ததே.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜப்பானிய அரசவையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காக்கப்பட்டு வரும் ககாக்கு இசை, ஆசியாவின் மிகப் பழைய வாத்திய மரபுகளில் ஒன்று. அதிலும், சீனத் தாங் அரசவையிலிருந்து வந்த மெட்டுகள் தொடக்கத்தில் இன்றையதைவிடப் பல மடங்கு வேகமாக வாசிக்கப்பட்டவை, காலப்போக்கில்தான் இவ்வளவு மந்தமாயின என்று கேம்பிரிட்ஜின் இசை ஆய்வாளர் லாரன்ஸ் பிக்கன் வாதிட்டார். மாறாமல் காக்கப்பட்டது என்று நாம் நம்பும் ஒன்றுகூட, காக்கப்பட்ட விதத்தாலேயே மாறியிருக்கக்கூடும். ஆகவே அறிவிப்பில் உள்ள பெயர்ப்பலகையைக் கொண்டு கச்சேரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்த வடிவம், யார் வழி வந்தது, எப்போது மேடைக்கு ஏறியது என்று பாருங்கள்.

அப்படியானால் ‘ஃப்யூஷன்’ கச்சேரிகளும் மரபே என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. இரண்டு மரபுகள் சேர்வதற்கு நாள் பிடிக்கும். விமான நிலையத்தில் சந்தித்து மறுநாள் மாலை மேடையேறுபவர்களிடம் அது நடப்பதில்லை. அத்தகைய நிகழ்ச்சிகளில் ஆளுக்கொரு முறை தனித்தனியாக வாசித்துவிட்டு, இறுதியில் எல்லோரும் சேர்ந்து வேகத்தைக் கூட்டிக் கைதட்டல் வாங்கிக்கொள்வதே வழக்கமாகிவிட்டது.

பொறுமையாகச் செய்யப்பட்ட முயற்சி வேறு. செல்லோ கலைஞர் யோ-யோ மா 1998-ல் தொடங்கிய பட்டுப்பாதைத் திட்டத்தின் குழு, 2000-ல் அமெரிக்காவின் டாங்கிள்வுட்டில் பட்டறையாகக் கூடி, இசையமைப்பாளர்களைப் புதிதாக எழுதச் சொல்லி, ஒத்திகை பார்த்து, அதன் பின்னரே பயணங்களுக்குப் புறப்பட்டது. பீபா என்ற சீன நரம்புக் கருவியை வாசிக்கும் வூ மான், ஈரானியக் கமாஞ்சே கலைஞர் கேஹான் கல்ஹோர், பனாரஸின் கிஷன் மகராஜிடம் பயின்ற தபலா கலைஞர் சந்தீப் தாஸ் ஆகியோர் பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்ததன் பயன் அதன் இசையில் கேட்கிறது. நமக்கு இன்னும் நெருக்கமானது, ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோர் 1970-களில் உருவாக்கிய சக்தி குழு. ஐம்பதாவது ஆண்டை ஒட்டி 2023-ல் அது மீண்டும் உலகைச் சுற்றியது. 2024-ல் கிராமி விருதும் பெற்றது.

சேர்க்காமல் சேர்ப்பது என்றும் ஒரு வழி உண்டு. 1967 நவம்பரில் நியூயார்க் பில்ஹார்மோனிக் தன் 125-ஆம் ஆண்டு நிறைவுக்காக டோரு டகேமிட்சுவிடம் எழுதி வாங்கிய படைப்பில், பீவா என்ற நரம்புக் கருவியும் ஷாக்குஹாச்சி என்ற மூங்கில் குழலும் மேற்கத்திய வாத்தியக் குழுவின் முன்னே நின்றன. இரண்டையும் குழைத்து ஒன்றாக்க டகேமிட்சு விரும்பவில்லை; வேற்றுமை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே அவர் நோக்கமாக இருந்தது. கலப்பிசை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இந்த வழியில் வந்த கச்சேரிகளுக்குப் போய்ப் பார்க்கலாம்.

ஒரு சிறு குறிப்பையும் சொல்லி வைக்கிறேன். பாரசீக, அஜர்பைஜானிய இசையில், நம் ஸ்தாயியின் பன்னிரண்டு இடங்களுக்கு நடுவே விழும் சுரங்கள் உண்டு. கமெலானின் ஐந்து சுர ‘ஸ்லெந்த்ரோ’வும் ஏழு சுர ‘பெலோக்’கும் பியானோவின் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காரா. இத்தகைய மரபுகளின் பக்கத்தில் சாதாரணச் சுருதியில் வைக்கப்பட்ட கீபோர்டு ஒன்றைக் கண்டால், யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் அவர் கீபோர்டு வாசிப்பவராக இருக்க மாட்டார்.

மொழி தெரியாமல் ரசிக்க முடியுமா?

தெலுங்கு தெரியாமல் தியாகராஜர் கீர்த்தனைகளில் உருகும் நாம் இக்கேள்வியைக் கேட்கக் கூடாது. கதை சொல்லும் வடிவங்களுக்கு மட்டும் முன்கூட்டியே கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போவது நல்லது. பல அரங்குகளில் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பையும் ஓட விடுகிறார்கள்.

கச்சேரி எவ்வளவு நேரம் நடக்கும்?

பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், நடுவில் இடைவேளை விட்டால் இரண்டு மணி நேரம். இதை ஒரு குறையாகவே கருதுகிறேன். கொரியாவின் பன்சோரியில் ஒரு பாடகர், ஒரு மேளக்காரர், கையில் ஒரு விசிறி, இவ்வளவுதான். ஆனால் எஞ்சியிருக்கும் ஐந்து கதைகளுள் நீண்டதை முழுமையாகப் பாட எட்டு மணி நேரம் வரை ஆகும். ஜாவாவின் தோற்பாவைக் கூத்து விடிய விடிய நடப்பது. இவற்றைச் சுற்றுப்பயணத்துக்காக வெட்டும்போது, உச்சக்கட்டங்கள் மட்டும் தங்கி, அவற்றுக்கு நம்மை அழைத்துச் செல்லும் நீண்ட வழி போய்விடுகிறது. ஒரே ஒரு காட்சியை முழுதாகப் பாடப்போவதாக அறிவிக்கும் கலைஞர், ஐந்து காட்சிகளைத் துண்டு துண்டாகத் தருபவரைவிட நம்பத்தக்கவர்.

எப்போது கைதட்டுவது? ‘பலே’ சொல்லலாமா?

பன்சோரியில் சொல்லாவிட்டால்தான் பிழை. மேளக்காரரும் ரசிகர்களும் பாட்டின் நடுவே ‘ஒல்சிகூ’, ‘ஜோத்தா’ என்று குரல் கொடுப்பது அக்கலையின் உறுப்பு. அதற்குச் ‘சுயிம்சே’ என்று பெயரே உண்டு. ‘ஜோத்தா’ என்றால் ‘நன்றாக இருக்கிறது’ என்று பொருள். ‘சபாஷ்’ சொல்லிப் பழகிய தமிழ் ரசிகர் இந்த அரங்கில், உறைந்து உட்கார்ந்திருக்கும் ஐரோப்பிய ரசிகரைவிட எளிதாகப் பொருந்திவிடுவார். கவ்வாலியிலும் அப்படியே.

ககாக்கு, ஷாக்குஹாச்சித் தனி வாசிப்பு, சீனாவின் ஏழு தந்திக் குச்சின் போன்றவற்றில் மௌனமும் இசையின் பகுதி. ஒலி தேய்ந்து அடங்கும்வரை காத்திருங்கள். கலைஞர் கையைக் கருவியிலிருந்து எடுத்த பிறகு தட்டினால் போதும். நம் கச்சேரிகளில் செய்வதைப் போலத் தொடையில் தாளம் போடுவதை அங்கே தவிர்த்துவிடலாம்.

தொடங்குவதற்கு முன் ஏன் இவ்வளவு நேரம் கருவிகளைச் சரிசெய்கிறார்கள்?

கருவிகள் நேற்று வேறொரு ஊரில், வேறொரு ஈரப்பதத்தில் இருந்தன என்பதுதான் காரணம். தோல் கருவிகள் குளிரூட்டிய அரங்கில் உலர்ந்து இறுகும். மழைக்காலத்து ஊரில் தளரும். மிருதங்கத்தையும் தபலாவையும் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கடத்துக்கு அந்த வசதி பெரிதாக இல்லை. சுட்ட மண்ணின் சுருதி சுட்டதுதான். அதனால் கடக் கலைஞர்கள் வெவ்வேறு சுருதிகளுக்கென்று பல கடங்களைக் கொண்டு போகிறார்கள். மானாமதுரையிலிருந்து பக்குவமாகத் தேர்ந்து வாங்கிய கடம் விமானத்தின் சரக்கறையில் உடைந்தால், அதே ஒலிக்கு அடுத்த கடத்தைத் தேடுவது சிறிய வேலையன்று.

ககாக்குவில் வரும் ‘ஷோ’ என்ற மூங்கில் கருவியைக் கலைஞர்கள் சிறு கணப்பின் மேல் காட்டிச் சூடேற்றுவதைப் பார்க்கலாம். அது சடங்கன்று. மூச்சின் ஈரம் உள்ளே நீராகப் படிந்தால் அதன் நாக்குகள் ஒலிக்காமல் போய்விடும்.

முழுக் கமெலான் தொகுதியையும் விமானத்தில் கொண்டு வருகிறார்களா?

சில நேரங்களில் கொண்டு வருகிறார்கள். வெண்கலத்தின் எடையை நினைத்தால் அச்செலவு உங்களுக்கே விளங்கும். ஒரு தொகுதியின் கருவிகள் ஒன்றுக்கொன்று மட்டுமே சுருதி சேர்க்கப்பட்டவை. உலகில் எல்லோருக்கும் பொதுவான கமெலான் சுருதி என்று ஒன்று கிடையாது. உடைந்த ஒரு கருவிக்குப் பதிலாகப் பக்கத்து ஊர்த் தொகுதியிலிருந்து ஒன்றை இரவல் வாங்கிச் சேர்த்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பாலியில், இரட்டையாகச் செய்த கருவிகளில் ஒன்றை வேண்டுமென்றே நூலிழை அளவு ஏற்றி வைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது எழும் அந்த அதிர்வலைதான் பாலி இசையின் உயிர்.

பயணச் செலவுக்கு வேறொரு தீர்வும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும், லண்டனின் சவுத்பேங்க் மையத்திலும் நிரந்தரமாகக் கமெலான் தொகுதிகள் இருக்கின்றன. இந்தோனேசியக் கலைஞர்கள் கையை வீசிக்கொண்டு வந்து, அவ்வூர்த் தொகுதியின் சுருதிக்குப் பழகி வாசித்துவிட்டுப் போக முடிகிறது.

கருவிகளை எல்லை தாண்டிக் கொண்டுபோவதில் சிக்கல் உண்டா?

நிறைய உண்டு. எர்ஹுவின் முகப்பில் இருப்பது மலைப்பாம்பின் தோல். கோத்தோவை மீட்டும் நகங்கள் மரபாக யானைத் தந்தத்தால் செய்யப்பட்டவை. நம் பழைய வீணைகள் சிலவற்றிலும் தந்த வேலைப்பாடு உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் இவை எல்லாவற்றையும் தொடுகிறது. அடிக்கடி பயணம் செய்யும் கலைஞர்கள், பல எல்லைகளைக் கடக்க உதவும் வாத்தியச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாம். 2017-ன் தொடக்கத்தில் ஈட்டி மர வகைகள் அனைத்தும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தபோது உலகெங்கும் இசைக்கலைஞர்கள் தவித்தார்கள். முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட வாத்தியங்களுக்குப் பெரும்பாலும் விலக்கு கிடைத்தது 2019 நவம்பரில்தான்.

ஹாங்காங் சீன வாத்தியக் குழு இதற்கு வேறு வழி கண்டது. மலைப்பாம்புத் தோலுக்குப் பதிலாகச் செயற்கைச் சவ்வைப் பொருத்திய எர்ஹு வகைகளைத் தானே வடிவமைத்து, தன் மேடையில் அவற்றையே வாசிக்கிறது.

அறிவித்த கலைஞர் ஏன் சில நேரங்களில் வராமல் போகிறார்?

பெரும்பாலும் விசா. அமெரிக்காவுக்குப் போகும் மரபுக் குழுக்கள் பல நாடுவது பி-3 என்ற வகை. நிகழ்ச்சி பண்பாட்டு முறையில் தனித்தன்மை வாய்ந்தது என்பதை ஏற்பாட்டாளர் சான்றுகளுடன் காட்ட வேண்டும். அத்துறைத் தொழிற்சங்கத்தின் கருத்துரையும் வேண்டும். இதில் மரபும் சமகாலமும் மீண்டும் மோதுகின்றன. கலந்து வாசிக்கும் குழுவுக்குத் தனித்தன்மை எப்படி இருக்கும் என்று அதிகாரி கேட்டுவிட்டால் என்ன செய்வது? யூத இசையையும் லத்தீன் அமெரிக்க இசையையும் இணைத்து வாசித்த ஓர் அர்ஜென்டினக் குழுவின் வழக்கில், பல பண்பாடுகள் கலந்த கலையும் தனித்தன்மை உடையதாக இருக்கலாம் என்று 2012-ல் மேல்முறையீட்டு அலுவலகம் தீர்ப்பளித்தது. இத்தகைய தாமதங்களால் குழுவில் ஒருவருக்கு மட்டும் அனுமதி கிடைக்காமல் போகும்போது, ஏற்பாட்டாளர் கடைசி நேரத்தில் உள்ளூர்க் கலைஞரைச் சேர்க்கிறார். அதற்காகச் சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களிடம் எனக்குச் சம்மதம் இல்லை. முதன்மைக் கலைஞரே வராவிட்டால் கேட்பதில் நியாயம் உண்டு.

கர்நாடக இசைக்குப் பழகியவர் எதிலிருந்து தொடங்கலாம்?

ஆலாபனையில் மனம் தோய்பவர்கள் ‘முகாம்’ எனப்படும் அஜர்பைஜானிய மரபிசையிலிருந்தோ பாரசீக இசையிலிருந்தோ தொடங்கலாம். தாளக் கட்டு இல்லாமல் குரல் மெல்ல மெல்ல ஏறிச் செல்லும் வழி நமக்கு அந்நியமாக இராது. ஆலிம் காசிமோவ் தம் மகள் ஃபர்கானாவுடன் பாடும் கச்சேரி அருகில் நடந்தால் தவறவிட வேண்டாம். லயத்தில் நாட்டம் உள்ளவர்களுக்குச் சாமுல்நோரி. நாகஸ்வரத்தைக் கேட்டால் கால் நின்றுவிடுபவர்கள் சீனச் சுவோனாவையும் கொரியத் தேப்யோங்சோவையும் கேட்கட்டும். சீவாளி வைத்து ஊதும் அந்தக் குடும்பம் துருக்கி முதல் கொரியா வரை பரந்து கிடக்கிறது, எல்லா இடத்திலும் திறந்த வெளிக்கும் திருவிழாவுக்கும் உரியதாகவே இருக்கிறது. கமெலானை மட்டும் இரண்டாவது, மூன்றாவது கச்சேரியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் தனிக் கலைஞரின் வித்தையைத் தேடும் நம் பழக்கம் முதல் முறை ஏமாற்றத்தையே தரும்.

எந்த இருக்கை நல்லது?

குச்சின் போன்ற மெல்லிய ஒலிக் கருவிக்கு முன்வரிசை. அது சிறு அறையில் நண்பர்களுக்காக வாசிக்கப்பட்டது. பெரிய அரங்கில் மைக் வழியாகவே உங்களை எட்டும். ஜப்பானிய மேளங்களுக்கு நடு அரங்கோ அதற்குப் பின்னாலோ. கைக்குழந்தையுடன் அவற்றின் அருகே உட்கார வேண்டாம்.

கச்சேரி முடிந்ததும் மேடையேறிக் கருவிகளைப் பார்க்கலாமா?

கேட்டுவிட்டுப் பார்க்கலாம், பயணக் கலைஞர்கள் பலர் அதை விரும்பவும் செய்கிறார்கள். தோலின் மேல் விரல் வைக்க வேண்டாம், கைவியர்வை சுருதியைக் கெடுக்கும். கமெலான் வைத்திருக்கும் இடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், எந்தக் கருவியையும் தாண்டக் கூடாது, வழி இல்லையென்றால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வீணையைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.